பிள்ளையின் பங்கு பிள்ளைக்கே

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் முன்னோர் வாக்கு. வறுமை குடிகொண்ட வீட்டிலோ இவ்வாக்குப் பொய்த்துப் போகின்றது. அங்கே ஒருவர் வயிற்றுக்கென வந்தது எல்லார் வயிற்றுக்கும் பங்காகின்றது. நம் தாய்மார் நன்கறிந்த திரிபோஷாவின் கதையும் பல வீடுகளில் இதுவே.

சோளத்தையும் சோயா அவரையையும் வேகச்செய்து மாவாக்கி, பால்மாவும் உயிர்ச்சத்துக்களும் தாதுப்பொருள்களும் சேர்த்து ஆக்கப்படுவது இச்சத்துமா. 1973ஆம் ஆண்டு தொடங்கிய இத்திட்டத்தின்கீழ், கருவுற்ற தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் அது இலவசமாக அளிக்கப்படுகின்றது. கிளினிக்கிலே பிள்ளையை நிறுத்து, பதிவேட்டிற் குறித்து, மாதத்துக்கு 750 கிராம் பைக்கற்றுகள் இரண்டைக் குடும்பநல உத்தியோகத்தர் தாயிடம் கையளிப்பார்.

கணக்கைச் சிறிது பார்ப்போம். இரண்டு பைக்கற்றும் சேர்ந்து 1,500 கிராம். முப்பது நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 50 கிராம். அதனால் பிள்ளைக்கு ஏறத்தாழ 200 கலோரியும் 10 கிராம் புரதமும் கிடைக்கும். நால்வர் பகிர்ந்துண்டாலோ, பிள்ளைக்குச் சேர்வது பன்னிரண்டு கிராமுக்குச் சற்று மேல். நோஞ்சான் பிள்ளையைத் தேற்ற அது போதுமா?

இதற்காகத் தாயைப் பழிப்போரும் உளர். அவர்களோடு நாம் உடன்படோம். பசித்து நிற்கும் மூத்த பிள்ளையின் முன்னே இளையதற்கு மாத்திரம் ஊட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்? அடுப்பெரியாத வீட்டுக்கு ஒரு பிள்ளையின் பங்கை மாத்திரம் அனுப்புவது அரைப்பணியே. அவ்வீட்டுக்கு அரிசியும் பருப்பும் சேர்ந்தால்தான் சத்துமா உரிய வாயைச் சென்றடையும்.

மலையகத்தை நோக்குவோம். 2016ஆம் ஆண்டுக் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர்; தோட்டங்களிலோ ஏறத்தாழ முப்பத்திரண்டு பேர். கொழுந்து பறிக்கும் தாய் கிளினிக்குக்குச் செல்ல ஒரு நாட் சம்பளத்தை இழக்க நேரிடுமாயின், இலவசம் என்ற சொல்லுக்குப் பொருள் யாது? பகலெல்லாம் பிள்ளைகள் இருக்கும் பிள்ளை மடுவத்திலேயே அவர்களை நிறுத்து, அங்கேயே நாள்தோறும் ஊட்டினால், தாயின் கூலியும் தப்பும். பிள்ளையின் பங்கும் தப்பும்.

விநியோகம் இடையறாதிருப்பதும் இன்றியமையாதது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது தகுதியான சோளம் போதியளவு கிடையாமையால் திரிபோஷா தட்டுப்பட்டதை நாம் மறத்தலாகாது. முதல் இரண்டு ஆண்டுகளிலே குன்றிய வளர்ச்சியைப் பின்னர் ஈடுசெய்தல் அரிது. பஞ்சம் நீங்கும்வரை காத்திருக்கப் பிள்ளையின் எலும்புக்குத் தெரியாது.

தாய்மாருக்கும் சில சொல்வோம். இம்மா ஏற்கெனவே வெந்தது. ஆகையால் நெடுநேரம் காய்ச்ச வேண்டியதில்லை. சிறு குழந்தைக்குக் கொதித்தாறிய நீரிற் களிபோலக் குழைத்துக் கரண்டியால் ஊட்டுக. போத்தலிற் கரைத்துக் கொடுத்தல் கூடாது. வளர்ந்த பிள்ளைக்குத் தேங்காய்ப்பூவும் சிறிது சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுக்கலாம். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்திவிட்டு இதனைக் கொடுத்தலாகாது. இது அவற்றுக்குத் துணையே. ஈரம் படாது மூடிவைத்து, பூஞ்சணம் பிடித்தால் தயங்காது எறிந்துவிடுக. காலையிலேயே அன்றைய பங்கை அளந்து, பிள்ளைக்கெனத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைப்பது நன்று.

அக்கிண்ணம் நாள்தோறும் நிறைய வேண்டுமாயின், வீட்டுப் பானையும் நிறைந்திருத்தல் வேண்டும். அதற்கு வழி செய்வது தாயொருத்தியின் கடமையன்று, நாட்டின் கடமை.