முட்டையும் நியூட்ரினோவும்

கோயில், கல்வெட்டு, பழைய ஊர்க்கதை என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று விஞ்ஞானத்தில் இறங்கிவிட்டானே என்று நினைக்காதீர்கள். நம் தமிழ்ப் பத்திரிகைகளும் டிவிக்காரர்களும் விஞ்ஞானச் செய்தி சொல்லும் லட்சணத்தின் மேல் எனக்குப் பல வருடக் கோபம். இன்று கொட்டிவிடுகிறேன்.

2020 அக்டோபரில் நம் குன்னத்தில் நடந்தது மறந்திருக்காது. குளத்தில் மண் எடுத்த இடத்தில் உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிடைத்தன. 'டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப்பில் படம் பறந்தது. அங்கிருந்து டிவிக்குப் போனது. பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரப் பையன் எனக்குப் போன் போட்டு, "சித்தப்பா, உங்க ஊர்ப் பக்கம் டைனோசராமே?" என்று விசாரித்தான். நிலவியல் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, இது முட்டை இல்லை, அம்மோனைட் என்கிற கடல் உயிர்கள் வாழ்ந்த காலத்துக் கடலடிப் படிவு திரண்டு இறுகியது என்று சொன்னார்கள். அந்த விளக்கமும் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் முட்டை தெருவெல்லாம் போனது. விளக்கம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. இன்றைக்கும் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முட்டை என்றுதான் சொல்வார்கள்.

இதில் எரிச்சல் என்னவென்றால், அந்த முட்டையைவிட உண்மை பெரியது. சுமார் 10 கோடி வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் கடல். 1862-லேயே பிளான்ஃபோர்டு என்கிற வெள்ளைக்காரர் இந்தப் பாறைகளை ஆராய்ந்து எழுதிவிட்டார். பாடாலூர் பக்கத்து ஊட்டத்தூரும் நம் அரியலூரும் பாறை அடுக்குகளின் பெயராக உலகத்து நிலவியல் புத்தகங்களில் இருக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது, எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை உலகுக்குச் சொன்னார். முட்டைதான் வேண்டுமென்றால், செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் அறிவித்தார்கள். எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருக்கிறது?

உள்ளூர்க் கல்லோடு போனால் சரி, போய்த் தொலைகிறது என்று விட்டுவிடலாம். பௌதிகத்துக்கும் இதே கதிதான்.

2011 செப்டம்பரில் ஜெனீவா பக்கத்திலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலி மலைக்கடியில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய நியூட்ரினோ, ஒளியைவிட 60 நானோ செகண்டு முன்னால் வந்துவிட்டது என்று ஒரு கணக்கு வந்தது. ஐன்ஸ்டீன் கதை முடிந்தது என்கிற தோரணையில் ஒரே ஆரவாரம். அந்த விஞ்ஞானிகள் சொன்னதென்னவோ, "எங்களுக்கே புரியவில்லை, எங்கே பிசகு என்று மற்றவர்களும் பாருங்கள்" என்பதுதான். சில மாதத்தில் பிசகு தெரிந்தது. ஒரு ஃபைபர் கேபிள் சரியாகச் சொருகப்படவில்லை. குழுவின் தலைவர் 2012 மார்ச்சில் பொறுப்பிலிருந்து விலகினார். தன் கணக்கைத் தானே சந்தேகப்பட்டு, ஊரைக் கூட்டிச் சரிபார்க்கச் சொல்லி, கடைசியில் தளர்ந்த கேபிளைக் கண்டுபிடித்தார்கள் பாருங்கள், அதுதானய்யா செய்தி! அது எத்தனை பத்திரிகையில் முதல் பக்கத்துக்கு வந்தது?

இந்த நியூட்ரினோ என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்குத் தேனி ஞாபகம் வந்திருக்கும். என் கோபத்தின் பெரும்பங்கு அங்கேதான்.

நியூட்ரினோ என்பது மகா சின்னத் துகள். மின்சாரம் கிடையாது, எடை இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு. சூரியனிலிருந்து மட்டும் நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஒரு வினாடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் புகுந்து போகின்றன. நீங்கள் இதைப் படிக்கும்போதும் போகின்றன. ஒன்றும் செய்வதில்லை. ஒன்றும் செய்யாததால்தான் அதைப் பிடிப்பது கஷ்டம். வானத்திலிருந்து வேறு துகள்களும் கொட்டிக்கொண்டே இருப்பதால் தரைக்கு மேலே ஒரே இரைச்சல். நம் ஊர் நெடுஞ்சாலையில் லாரி ஓடும்போது கொலுசுச் சத்தம் கேட்குமா? வாலீஸ்வரர் கோயிலில் உள்ளே போய் நின்றால் கேட்கும். அதற்காகத்தான் மலைக்கடியில் போகிறார்கள். தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பாறை இருந்தால் மற்ற துகள்கள் அநேகமாக நின்றுவிடும், நியூட்ரினோ மட்டும் இறங்கி வரும்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் செய்ய நினைத்தது இவ்வளவுதான். மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் ஒரு பெரிய குகை, அதில் 50,000 டன் இரும்பில் ஒரு காந்தக் கருவி. அது எதையும் வெளியே விடாது. வருவதைப் பார்க்கும், அவ்வளவே. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது.

நம் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்ன? நியூட்ரினோவை நியூட்ரானோடு குழப்பி, நியூட்ரானை அணுகுண்டோடு முடிச்சுப் போட்டு, கதிர்வீச்சு வரும், அணுக்கழிவைக் கொண்டுவந்து புதைப்பார்கள், முல்லைப் பெரியாறு அணை விரிசல் விடும் என்று பயம், பயம், மேலும் பயம். இரண்டு பெயருக்கும் என்ன வித்தியாசம் என்று அரைப்பக்கம் விளக்கம் போட்டிருந்தால் போதுமே! பத்தாம் வகுப்புப் பையன் எழுதித் தருவானே அதை!

எதிர்த்தவர்கள் எல்லாம் விவரம் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெடி வைப்பதைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியதுதான். மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வனவிலங்கு வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயமே 2018-இல் சொன்னது. மலையடிவாரத்து விவசாயிக்குத் தண்ணீர்க் கவலை நியாயம். இதெல்லாம் உட்கார்ந்து பேசக்கூடிய விஷயங்கள். எத்தனை டன் வெடி, ஊற்று என்ன ஆகும், புலி எந்தப் பக்கம் போகும், அளந்து சொல்லு என்று மல்லுக்கட்டியிருக்கலாம். அந்தச் சண்டை நடக்கவே இல்லை என்பதுதான் என் புகார். அணுகுண்டு பீதி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. நம் மாவட்டத்தில் கல்குவாரி வெடி கேட்காத நாள் குறைவு. அரியலூரில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அதற்கு இந்தப் பீதியில் நூற்றில் ஒரு பங்காவது செய்தியில் வந்ததா?

விஞ்ஞானிகளையும் விடப்போவதில்லை. முதலில் நீலகிரி சிங்காராவில் இடம் பார்த்தார்கள். முதுமலை பக்கம் என்று 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே மறுத்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகாவது பொட்டிப்புரத்தில் காகிதம் சுத்தமாக இருந்திருக்க வேண்டாமா? 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்த அமைப்புக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பதும் அதில் ஒரு காரணம். இங்கிலீஷில் கட்டுரை எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஊர் மந்தையில் நின்று தமிழில் பேசுவது கடைசியில்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் வாட்ஸ்அப் பேசி முடித்துவிட்டது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, இந்தத் திட்டமே வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. இந்த வித்தையில் நாம் புதியவர்கள் இல்லை. கோலார் தங்கவயலில், நம் தமிழ் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வேலை பார்த்த சுரங்கத்தில், 2,300 மீட்டர் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பான், இங்கிலாந்துக்காரர்களோடு சேர்ந்து கருவி வைத்தார்கள். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் அடையாளத்தை 1965-இல் கண்டு அறிவித்தார்கள். அதே வருடம் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் இன்னொரு குழு கண்டது. உலகத்திலேயே முதலில் பார்த்தது இந்த இரண்டு இடத்தில்தான். அங்கே யாருக்கும் கொம்பு முளைக்கவில்லை. தங்கச் சுரங்கத்தையும் 2001-இல் மூடிவிட்டார்கள்.

இப்போது சீனாவுக்கு வாருங்கள். ஜியாங்மென் என்ற ஊரில் ஜூனோ என்று ஒரு நியூட்ரினோக் கூடம். 700 மீட்டர் ஆழம், 20,000 டன் திரவம் நிரப்பிய மாபெரும் உருண்டை. நம் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த அதே 2015-இல்தான் அவர்கள் தோண்ட ஆரம்பித்தார்கள். 2025 ஆகஸ்ட் 26-ஆம் தேதி வேலையைத் தொடங்கி, நவம்பரில் முதல் முடிவை வெளியிட்டுவிட்டார்கள். வெறும் 59 நாள் கணக்கில், நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுவதைக் குறிக்கும் இரண்டு அளவுகளை, உலகம் அதுவரை அளந்ததைவிட 1.6 மடங்கு நுட்பமாக அளந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்து அணுமின் நிலையங்களிலிருந்து வருவதைப் பார்க்கிறார்கள். பொட்டிப்புரத்தில் காற்று மண்டலத்தில் பிறப்பதைப் பார்த்திருப்போம். வழி வேறு, ஆனால் முக்கியமான கேள்வி ஒன்றே: மூன்று நியூட்ரினோக்களில் எடை கூடியது எது, குறைந்தது எது? மூன்று பிள்ளைகளில் மூத்தது எது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. சில வருடத்தில் ஜூனோ சொல்லக்கூடும்.

நான் வாங்கும் நாளிதழில் இதற்குக் கிடைத்த இடம் நாலு வரி. அதில் தேனி என்ற சொல்லே இல்லை. பொட்டிப்புரத்தை வைத்து வருடக்கணக்கில் தலைப்புப் போட்டவர்களுக்கு, அதே வேலையைச் சீனா முடித்துக்காட்டும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. வேண்டாம் என்பவர் வேண்டாம் என்றே எழுதட்டும், எதை வேண்டாம் என்றோம் என்பதாவது படிப்பவனுக்குத் தெரிய வேண்டாமா?

"ரிடையர் ஆன வயதில் நமக்கு எதற்கு சார் இது, பி.பி.தான் ஏறும்" என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அவர் பேத்தி பெரம்பலூரில் பௌதிகம் படிக்கிறாள். அவளுக்கு எதற்கு என்று அவரிடம் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.

அந்த நாளிதழின் ஆசிரியருக்கு இதுவரை இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போன வாரம் மூன்றாவது போயிருக்கிறது. அதில் நியூட்ரினோ இல்லை, சீனா இல்லை. கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: குன்னத்தில் கிடைத்தது முட்டை அல்ல என்பதை, முட்டை என்று போட்ட அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். வருடங்கள் தாமதமானால் பரவாயில்லை.