அன்னாளுக்கு அப்போது ஒரே மகன்



கத்தோலிக்கக் கன்னியர் மடங்கள் காலியாகி வருவதை நம்மவர்களில் சிலர் ஒருவிதத் திருப்தியோடு பேசிக்கொள்வதைக் கேட்கிறேன். துறவறத்தைக் குறித்து நமக்கும் அவர்களுக்கும் உபதேச வேறுபாடு உண்டு. விவாகமின்றி வாழ்வதைப் பவுல் வரமாகக் கண்டாரேயன்றிக் கட்டளையாக்கவில்லை (1 கொரி. 7). ஆனால் இதில் நாம் மகிழ என்ன இருக்கிறது?

1965-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,80,000 கன்னியாஸ்திரீகள் இருந்தனர். 2014-இல் அத்தொகை 50,000-க்கும் கீழே இறங்கிற்று. ஆப்பிரிக்காவிலோ எண்ணிக்கை பெருகுகிறது.

கேரளத்தைப் பாருங்கள். வடஇந்தியாவின் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் திரளான கன்னியரை அனுப்பிய மாநிலம் அது. மத்தியப் பிரதேசத்தில் ஏழை ஆதிவாசிகளின் பக்கம் நின்றதினால் 1995-இல் கொல்லப்பட்ட ராணி மரியா அங்கிருந்து போனவரே. ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒருத்தி மடத்துக்குப் போவது குடும்பத்துக்குக் கனமாயிருந்தது. படிக்கவும், ஆசிரியையாகவோ நர்சாகவோ பணிசெய்யவும் அநேகப் பெண்களுக்கு அன்று மடமே வாசல். இன்று வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள். நர்சிங் முடித்த பெண் நேரே அயர்லாந்துக்கு விமானம் ஏறுகிறாள். ஒருகாலத்தில் இந்தியாவுக்குக் கன்னியாஸ்திரீகளை அனுப்பிய அதே அயர்லாந்துக்கு! பெண்களுக்கு வேறு வாசல்கள் திறந்தது நல்லதே. அதை நான் குறைகூறவில்லை.

நம் வீட்டுக்கு வருவோம். மும்பைக்கும் பெங்களூருக்கும் பிழைப்புத் தேடி வந்த நாம், வேதாகமக் கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லும் மகனுக்கு என்ன பதில் கொடுக்கிறோம்? "முதலில் இன்ஜினியரிங்கை முடி, வேலையில் சேர், ஊழியத்தைப் பிறகு பார்க்கலாம்." அறுப்புக்கு ஆட்களை அனுப்பும்படி உபவாசித்து ஜெபிக்கும் அதே தகப்பன்தான் இதையும் சொல்லுகிறார். அடுத்த வீட்டுப் பிள்ளை ஊழியத்துக்குப் போனாலோ, ஸ்தோத்திரம் செலுத்துகிறார்! நம் ஊழியக்காரன் மணம்செய்து, பிள்ளைகளைப் பெற்று வாழலாம். அப்படியிருந்தும் தயங்குகிறோம்.

இருப்பதே ஒரு பிள்ளை என்பீர்கள். அன்னாள் சாமுவேலைச் சீலோவில் விட்டபோது அவளுக்கு வேறு பிள்ளையில்லை, மற்ற ஐவரும் பிறந்தது அதற்குப் பின்பே (1 சாமு. 2:21).

பெற்றோரின் பயத்தையும் நான் அற்பமாக எண்ணவில்லை. மாதந்தோறும் காணிக்கையை நம்பி, வாடகை வீட்டில், மருத்துவச் செலவுக்கு வழியின்றி வாழும் உதவி ஊழியரை அவர்கள் கண்ணாரக் காண்கிறார்கள். ஆகையால் வாலிபர் முகாமில் அர்ப்பணிப்புக்கு அழைக்குமுன், அந்த ஊழியருக்கு நிலையான சம்பளமும் மருத்துவக் காப்பீடும் உண்டா என்று சபைக் கமிட்டியில் கேளுங்கள்.