‘வல்லவன்’ தமிழைக் கெடுத்தானா?



அண்மையில் ஜொகூரில் தமிழாசிரியர் சிலர் கூடியிருந்தபோது, மாணவர் கலைநிகழ்ச்சியில் சொல்லிசைக்கு இடமளிக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. “அது தமிழைக் கெடுக்கும்” என்றார் ஒருவர். பேச்சு அத்துடன் முடிந்தது. இதே தீர்ப்பை 2006ஆம் ஆண்டிலும் கேட்டிருக்கிறேன். கேட்டேன் என்பது பாதி உண்மைதான், நானும் கூறியிருக்கிறேன்.

அவ்வாண்டில்தான் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்னும் நம் நாட்டுக் கலைஞர் மூவர், ‘யோகி பி - நட்சத்திரா’ குழுவாக ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை வெளியிட்டனர். (அதே ஆண்டில் வந்த சிம்பு படம் வேறு.) ‘நிழல்கள்’ படத்திற்காக 1980இல் இளையராஜா இசையமைத்த ‘மடை திறந்து’ பாடலை எடுத்து, அதனோடு தங்கள் சொற்களைக் கோத்தனர். பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலையில் மேசையைத் தட்டிப் பாடினார்கள். ஆசிரியர் அறையிலோ ஒரே முணுமுணுப்பு: ஆங்கிலக் கலப்பாம், அந்நியப் பாணியாம், நல்ல பாடலைச் சிதைத்துவிட்டார்களாம்.

ஆங்கிலக் கலப்பு எனக்கு இன்றும் உவப்பன்று. ஆனால், பரிசளிப்பு விழா நடனத்திற்குக் கோடம்பாக்கத்துக் குத்துப்பாட்டுகளைத் தேர்ந்தெடுத்ததும் அதே ஆசிரியர் அறையில்தானே? அவற்றில் ஆங்கிலம் இல்லையா? ஏழு வயதுச் சிறுமி பொருளறியாமல் ஆடத்தக்க வரிகளா அவை? பெற்றோரும் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டினோமே!

பாணி அந்நியமானது என்பதும் அரைகுறை வாதம். தாளத்திற்குள் சொல்லை நெருக்கி அடுக்கும் வித்தையைத் திருப்புகழ் படித்தவருக்கா விளக்க வேண்டும்? அடிகளின் இறுதியில் ஒலி ஒன்றி வருவதை இயைபு என்று பயிற்சிக் கழகத்தில் மனப்பாடம் செய்தவர்கள்தாமே நாம்!

என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். கட்டுரை என்றால் நான்கு வரியைத் தாண்டமாட்டான். அவன் ஏட்டின் பின்புறத்தில் இரண்டு பக்கம் நிறைய எழுதியிருந்தான். விடியுமுன் சிங்கைக்கு லாரி ஓட்டிச் செல்லும் தன் தந்தையைப் பற்றிய சொல்லிசை அது. ஒற்றுப்பிழைகள் மலிந்திருந்தன, இயைபு ஓரிடத்திலும் தவறவில்லை. பாட நேரத்தில் கிறுக்கினான் என்று அத்தாளைக் கிழித்தெறிந்தேன். பிறகு அவன் என் கண்ணெதிரே எதையும் எழுதியதில்லை.

2007இல் ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. 2011இல் ‘ஆடுகளம்’, 2017இல் ‘விவேகம்’. உடனே, “நம்ம நாட்டுப் பையன்” என்று மார்தட்டினோம். பாணி மாறவில்லை, ஆங்கிலமும் மறையவில்லை. சென்னையின் முத்திரை விழுந்தது, அவ்வளவே! நம் பிள்ளையின் தமிழை நாமே கேட்டு மதிப்பிட முடியாதா?

அடுத்த கலைநிகழ்ச்சியில் மாணவர் சொந்தமாக எழுதும் தமிழ்ச் சொல்லிசைக்கு ஐந்து நிமிடம் கேட்கப் போகிறேன். ஒற்றுப்பிழைகளைத் திருத்தும் பொறுப்பு என்னுடையது. மறுக்க விரும்புவோர், ‘வல்லவன்’ தொகுப்பை முதலில் ஒருமுறை முழுமையாகக் கேட்டுவிட்டு வரட்டும்.