தேதி தவறாத தையல்



பெருநாளுக்கு முந்தைய இரவில் நம் தெருக்களில் எந்த வீட்டு விளக்கு அணையாமல் எரிகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அது தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்ணின் வீடாகவே இருக்கும். வாசலில் நான்கு பேர் துணிக்காகக் காத்து நிற்பர். உள்ளே அவள் கண்ணெரிச்சலோடு கொக்கி தைத்துக் கொண்டிருப்பாள். சொந்தப் பிள்ளையின் சட்டைத் துணி மட்டும் வெட்டப்படாமல் பையிலேயே கிடக்கும். வேலை கிடைக்காததால் நேர்ந்த துன்பமன்று இது. வேலை மிகுந்ததால் நேர்ந்தது.

வீட்டிலிருந்தபடியே தைத்துப் பொருளீட்டும் பெண்கள் பல மஹல்லாக்களில் இருக்கின்றனர். வெட்டவும் தைக்கவும் கற்றுத் தரப் பயிற்சி வகுப்புகள் உள்ளன. ஆனால் தொடங்கிய தொழிலை உடலும் குடும்பமும் நற்பெயரும் கெடாமல் ஆண்டுக் கணக்கில் நடத்துவது எப்படி என்பதைச் சொல்லித் தருவோர் அரிது. ஒரு வாரத்தில் தம்மால் எத்தனை உடை தைக்க முடியும் என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணுக்குள் நின்றுகொள்வதே அதன் முதற்படி என்பது என் எண்ணம்.

எண்ணித்தான் பார்ப்போமே! பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின் லுஹர் வரை இரண்டரை மணி நேரம், அஸருக்குப் பின் ஒன்றரை மணி நேரம், ஆக நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் எந்திரத்தின் முன் அமர முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டால் வாரத்திற்கு 24 மணி நேரம். லைனிங் வைத்த ரவிக்கை ஒன்றுக்கு வெட்டுதல், தைத்தல், கொக்கி, கைத்தையல், இஸ்திரி எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரம் ஆகுமாயின், எட்டு ரவிக்கைகள் தைக்கலாம். ஆயினும் நீங்கள் ஏற்க வேண்டியது எட்டன்று, ஆறு. மின்சார வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். கொடுத்தனுப்பிய ரவிக்கை தோளில் இறுக்கமென்று திரும்பி வரும். அந்த ஆறு மணி நேரம் இவற்றுக்கெல்லாம் உரியது.

சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியே இதற்குப் போதும். உடை கொடுக்க வேண்டிய தேதியின் கட்டத்தில் வாடிக்கையாளர் பெயரை எழுதுங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு பெயர் விழுந்துவிட்டால் அந்நாள் நிரம்பிவிட்டது. அதன்பின் யார் வந்து கெஞ்சினாலும் நாட்காட்டியைக் காட்டுங்கள். வாயால் மறுத்தால் வருத்தப்படுகிறவர்கள்கூட எழுத்தைக் கண்டால் அடுத்த தேதியைக் கேட்கிறார்கள்.

இனிக் கூலி. வாடிக்கையாளர் துணி கொண்டுவர, நீங்கள் தைத்துக் கொடுப்பதை ஃபிக்ஹ் நூல்கள் ‘இஜாரா’ என்னும் கூலி ஒப்பந்தத்தின் கீழ்ப் பேசுகின்றன. துணியும் உங்களுடையதாயிருந்து, உடையாகச் செய்து தருமாறு ஒருவர் கேட்டால், ஹனஃபி நூல்களில் அது ‘இஸ்திஸ்னா’ என்னும் வேறு வகை. இஜாராவில் கூலி இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருத்தல் நிபந்தனை. நம்மிடையே நடப்பதென்ன? “எவ்வளவு லாத்தா?” என்று கேட்டால், “ஏதாவது பார்த்துக் கொடுங்க” என்கிறோம். இது பெருந்தன்மை போலத் தோன்றும். பின்னர் அவர் கொடுத்தது குறைவென்று நாமும், கேட்டது அதிகமென்று அவரும் முகம் சுளிப்பதில்தான் முடிகிறது. உறவினரிடமே இது மிகுதியாக நடக்கிறது. ஆகவே கூலிப் பட்டியலை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அந்தக் கூலி உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா என்பதும் கணக்குதான். ஒரு ரவிக்கைக்கு 300 ரூபாய் என்று கொள்வோம். உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம். லைனிங் துணிக்கு 70, நூல், கொக்கி, ஊசி, மின்சாரம் வகைக்கு 20 போனால் மிஞ்சுவது 210. மணிக்கு 70 ரூபாய். ஒருவருக்காக 50 ரூபாய் குறைத்தால் அக்குறைப்பு நூலிலும் லைனிங்கிலும் விழாது. முழுவதும் உங்கள் 210லிருந்தே போகும். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு! ஏழைக்குக் குறைத்தால் அது தர்மம், தாராளமாகச் செய்யுங்கள். பேரத்திற்கு அஞ்சிக் குறைப்பது அப்படியன்று.

மின்சாரம் பற்றி ஒரு சிறு குறிப்பு. நூறு வாட் மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியோ தொடர்ந்து சூடேறினால் ஒரே மணி நேரத்தில் அதைத் தின்றுவிடும். ஒவ்வோர் உடைக்கும் தனித்தனியே பெட்டியைச் சூடாக்காமல், சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் தேய்த்துவிடுங்கள்.

வெட்டியது போக மிஞ்சும் துணி யாருடையது? துணி வாடிக்கையாளருடையதாயின் மிச்சமும் அவருடையதே. நம்மிடம் இருப்பது அமானிதம். அரை மீட்டர் பட்டுத் துணி மிஞ்சி, அதில் நம் குழந்தைக்குச் சட்டை தைத்துவிட்டால், தெருவில் அதைக் காணும் அவர் வாய் திறக்க மாட்டார். ஆனால் மறுமுறை வேறு தையல் வீட்டைத் தேடிப் போவார். மிச்சத்தை உடையோடு சேர்த்தே பையில் வைத்துக் கொடுத்துவிடுங்கள். விரலகலத் துண்டுகளை எறிந்துவிடலாமா என்று முன்பே கேட்டுக் கொள்ளலாம்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது தெரியுமா? தவணை குறித்துச் செய்யும் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. சிறு தொகையாயினும் எழுதச் சலிக்க வேண்டாம் என்ற கருத்தும் அதிலேயே உண்டு. அளவு, தேதி, முன்பணம், பாக்கி என நான்கு பத்திகள் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தையல் பணம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே விழட்டும். கணவர் கைப்பேசியிலோ மகன் கைப்பேசியிலோ வாங்கினால் அது மளிகைக்கும் பெட்ரோலுக்கும் கரைந்துபோய், எந்திரம் பழுதானால் எடுத்துச் செலவிட ஒன்றும் இராது. மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது. குடும்பச் செலவு கணவன் மீது கடமை. விரும்பிக் கொடுப்பது வேறு. (இதைப் படிக்கும் ஆண்களும் இருப்பீர்கள், அறிவேன்.) ஜகாத் கணக்கில் தையல் எந்திரம் சேராது, அது தொழிற்கருவி. சேமித்த பணமும் விற்பனைக்கென வாங்கி வைத்த துணியும் சேரும்.

2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ‘உத்யம்’ பதிவு சிறு தொழில் செய்வோருக்குரியது. ஆதார் எண்ணைக் கொண்டு அரசின் இணையதளத்தில் செய்யப்படும் அப்பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அரசுக் கட்டணம் என்று சொல்லி எவரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நோன்பு மாதத்திற்குத் தனி ஒழுங்கு வேண்டும். ஷஃபான் பிறை 20 வரை வரும் பெருநாள் துணிகளை மட்டும் ஏற்று, ரமளான் பிறை 20க்குள் எல்லாவற்றையும் கொடுத்து முடிக்கும்படி கட்டங்களை நிரப்புங்கள். முதற்கட்டத்தில் உங்கள் பிள்ளைகளின் உடையே இருக்கட்டும். இதனால் சில வாடிக்கையாளர்கள் போகக்கூடும். கடைசிப் பத்து இரவுகளைக் கொடுத்து அவர்களை வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

எந்த வாரத்தில் எத்தனை துணி வந்தது என்பதையும் நோட்டில் குறித்து வையுங்கள். பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி நகர்கிறது. 2025இல் நோன்புப் பெருநாள் மார்ச் கடைசியில் வந்தது. 2031, 2032 ஆண்டுகளில் அது ஜனவரியில், பொங்கலை ஒட்டி வரும். பொங்கல் துணியும் பெருநாள் துணியும் ஒரே மாதத்தில் உங்கள் வாசலுக்கு வந்து சேரும்.