முத்திரைக்கும் எல்லை உண்டு!

தோழனே!

வட்டமாய் ஒரு முத்திரை. அதன்மேல் வளைந்தோடும் ஒரு கையெழுத்து. கண்டதும் கேள்வி கேட்காமல் காசை எடுத்து நீட்டுகிறோம். "நோட்டரி போட்டாகிவிட்டது, இனிக் கவலை இல்லை" என்று தாளை மடித்து மடியில் வைத்துக் கொள்கிறோம். முத்திரையைப் பார்த்தோமே, அதைப் படித்தோமா?

ஒரு காலத்தில் இந்நாட்டில் நோட்டரி ஆவதற்கு அதிகாரம் கடல் கடந்து வந்தது. இங்கிலாந்தில், கான்டர்பரி பேராயரின் மன்றத்து அதிகாரி நியமிப்பார். இங்கே முத்திரை விழும்! சுதந்திர நாட்டுக்கு அது இழுக்கு என்று உணர்ந்துதான் 1952இல் நோட்டரிகள் சட்டம் இயற்றினர். 1956இல் அது நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? மத்திய அரசு, நாடு முழுமைக்கோ ஒரு பகுதிக்கோ நோட்டரியை நியமிக்கலாம். மாநில அரசு, மாநிலம் முழுமைக்கோ ஒரு பகுதிக்கோ நியமிக்கலாம். எந்தப் பகுதி என்பது அவருடைய சான்றிதழிலே எழுதப்பட்டிருக்கும். அந்தப் பகுதிக்குள்ளேதான் அவர் அலுவலகம். அதற்குள்ளேதான் அவர் அதிகாரம். சேலத்துக்கு மட்டும் நியமிக்கப்பட்டவர் கோவையில் மேசை போட முடியாது. எல்லை விரிய வேண்டுமா? அரசிடம் விண்ணப்பித்து, அனுமதி பெற்று வரட்டும்!

எல்லை, நோட்டரி அமர்ந்து பணியாற்றும் இடத்துக்குத்தான், தாளுக்கு அல்ல. சேலத்தில் முறையாகச் சான்றளித்த தாளை நீ கோவைக்கு எடுத்துச் செல்லலாம், சென்னைக்கும் எடுத்துச் செல்லலாம்.

"எனக்கேன் இந்த ஆராய்ச்சி?" என்கிறாயா, தோழா? ஆலை விபத்தில் கணவனைப் பறிகொடுத்தவள் ஈட்டுத்தொகைக்கு மனுப் போடுகிறாள். எதிர்த் தரப்பு வக்கீல் எழுகிறார்: "இந்த நோட்டரிக்கு இந்த ஊரில் அதிகாரம் ஏது?" என்கிறார். எல்லை தாண்டியவர் வீட்டில் இருக்கிறார். ஏதுமறியாதவள் வாய்தாவுக்கு வாய்தா நடக்கிறாள். தவறு ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கா?

ஆகவே, காசை நீட்டுமுன் கண்ணைத் திற! 5 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்த வட்டத்துக்குள் நோட்டரியின் பெயர், அவர் பணியாற்றும் பகுதி, அவரை நியமித்த அரசின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி. சான்றிதழ் 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டியது. காலாவதியாகிவிட்டதா என்று கேள். கட்டண விவரத்தை அலுவலகத்தின் உள்ளும் புறமும் தெரியும்படி வைக்க வேண்டும். வாங்கிய காசுக்கு ரசீது தர வேண்டும். கேட்பது அவமரியாதை அல்ல, உன் உரிமை!

அரசுக்கும் ஒரு சொல். நோட்டரி தம் பணியில் குற்றம் புரிந்தால், அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரி எழுத்து மூலம் புகார் செய்தாலன்றி நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்காது என்கிறது சட்டத்தின் 13ஆவது பிரிவு. ஏமாந்த ஏழை நேரே கோர்ட்டுப் படியேற முடியாது! அவன் செய்யக் கூடியது, நியமித்த அரசுக்கு நடத்தை குறித்துப் புகார் அனுப்புவதே. அந்தக் கதவையாவது அகலத் திறந்து வையுங்கள். எந்தப் பகுதிக்கு எவர் நோட்டரி என்ற பட்டியலைத் தாலுகா அலுவலகம்தோறும் தமிழில் எழுதித் தொங்க விடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு பலகை. அதனால் மிச்சமாவது ஆயிரம் ஏழைகளின் அலைச்சல்.

எல்லையை மீறும் முத்திரை வெறும் மைக்கறை. அதைப் படித்துப் பார்க்கும் தொழிலாளியை எவராலும் ஏய்க்க முடியாது!