காளானைப் படம் பிடிப்பார்க்கு ஒரு வார்த்தை

மழை பெய்து ஓய்ந்தபின், மரநிழலிலும் மட்கிய சருகினிடையிலும் ஓரிரவில் காளான்கள் தோன்றுதலை யாவரும் கண்டிருப்பர். அவற்றைத் தேடிக் காட்டினுட் சென்று புகைப்படம் எடுக்கும் வழக்கம் இந்நாளில் பல தேசங்களிலும் காணப்படுகின்றது. துப்பாக்கியேந்திக் காடு புகுவதினும் படக்கருவியேந்திப் புகுதல் நன்றென்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், அப்படங்களில் யாம் காணும் குறையொன்றை எடுத்துரைத்தல் எம் கடனாகின்றது.

அவற்றுட் பல, காளானின் குடையை மேலிருந்து காட்டுவனவே. சிலர் சருகை விலக்கி, நீர் தெளித்து, வேறிடத்துப் பறித்தவற்றைக் கூட்டி நட்டும் படம் எடுக்கின்றனர். இவை கண்ணுக்கு விருந்தாம். அக்காளான் யாதென்னும் வினாவிற்கோ விடை தாரா. குடையின் கீழுள்ள மடிப்புக்கள், தண்டைச் சூழ்ந்த வளையம், மண்ணுள் மறைந்த உறை, அருகில் நிற்கும் மரம் ஆகிய குறிகளைக் காட்டாத படம், முகத்தை மறைத்துத் தலைப்பாகையை மட்டும் காட்டும் உருவப்படத்தை ஒக்கும்.

இதனால் வரும் கேடு சிறிதன்று. அமானிட்டா பல்லாய்ட்ஸ் என்னும் நச்சுக் காளான் ஐரோப்பாவிற்குரியது; ஆஸ்திரேலியாவிலுள்ள கான்பரா நகரத்து ஓக் மரங்களின் கீழும் இன்று முளைக்கின்றது. நம் நாட்டிலும் வளர்த்துண்ணப்படும் வைக்கோற் காளானும் இதுவும் இளமையில் முட்டைபோலத் தோன்றும்; இரண்டிற்கும் அடியில் பைபோன்ற உறையுண்டு. ஆனால், முன்னதன் வித்துத்தூள் இளஞ்சிவப்பு; பின்னதனது வெண்மை. முன்னதன் தண்டில் வளையமில்லை, பின்னதற்கு உண்டு. மேலிருந்து எடுத்த எப்படம் இவ்வேற்றுமையைக் காட்டும்? 2012-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கான்பராவில் இந்நச்சுக் காளானை உண்ட இருவர் உயிர்துறந்தனர். சமைத்தலால் இந்நஞ்சு அழியாது. பல மணி நேரம் கழிந்த பின்னரே வாந்தியும் கழிச்சலும் தோன்றும். அவை தணிந்து, நோயாளி தேறினாரென்று சுற்றத்தார் மகிழும் வேளையில் ஈரல் கெடும்.

சிறார்க்குக் கதையெழுதிப் புகழ்பெற்ற ஆங்கில மாது பீட்ரிக்ஸ் பாட்டர், அதற்கு முன்னர்ப் பல்லாண்டு காளான்களை வரைந்தவர். மடிப்புக்களையும், பிளந்து கண்ட உள்ளமைப்பையும் அவர் விடாது தீட்டினார். வித்துக்கள் முளைக்கும் விதம் பற்றிய அவரது கட்டுரை 1897-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. அவ்வோவியங்களுட் சில 1967-இல் வெளிவந்த காளான் நூலொன்றில் இடம்பெற்றன. எழுபதாண்டு கழிந்தும் அவை பயன்பட்டமைக்கு அவற்றின் உண்மையே காரணம் அன்றோ?

அழகை நாடுவார்க்கு ஆராய்ச்சி எற்றுக்கு என்றும், பறித்தால் காடு கெடாதோ என்றும் சிலர் வினவுவர். அழகிய படம் வேண்டாவென்று யாம் கூறவில்லை. அதனோடு அடிப்புறத்தைக் காட்டும் படமும், சூழலைக் காட்டும் படமும் வேண்டுமென்கின்றோம். தரையில் சிறு கண்ணாடியொன்றை வைப்பின், பறியாமலே மடிப்புக்கள் தோன்றும். யாம் காணும் காளான் கனியை ஒப்பது. அதன் உடல் நூலிழைகளாய் மண்ணுள் பரந்துள்ளது. ஆதலின், பறித்தல் விலக்கப்படாத இடத்து, பல முளைத்தவற்றுள் ஒன்றை மட்டும் அடியோடு அகழ்ந்து படமெடுத்து, மண்ணை மீண்டும் மூடுதல் பெருந்தீங்காகாது.

ஒன்று மட்டும் உறுதியாகக் கூறுவோம். படம் எத்துணைத் தெளிவாயினும், கைப்பேசி எப்பெயரைக் கூறினும், அதனை நம்பிக் காட்டுக் காளானை அடுப்பேற்றலாகாது. அடுத்த மழைக்குப்பின் காடு செல்லும் நண்பர், படக்கருவியோடு ஒரு சிறு கண்ணாடியையும் உடன்கொண்டு செல்வாராக.