வடிகட்ட வேண்டியது செய்தியையா, சொந்தங்களையா?



சாரல் காலத்தின் ஒரு காலைப் பொழுதில், மேலகரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் மௌத்தானார். சிறுவயதில் எனக்கு ஓதக் கற்றுக்கொடுத்தவர் அவர். அஸருக்குப் பின் ஜனாஸா தொழுகை என்ற அறிவிப்பு எங்கள் பகுதியின் வாட்ஸ்அப் குழுவில் லுஹருக்கு முன்பே வந்துவிட்டது. நான் அதைப் பார்த்தது இஷாவுக்குப் பிறகு. அதற்குள் அடக்கமும் முடிந்திருந்தது.

காரணம் வேறொன்றுமில்லை. செய்திகளின் தொல்லை தாங்காமல், அந்தக் குழுவின் ஒலியைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தி வைத்திருந்தேன். அன்றிரவு திறந்து பார்த்தபோது, பூப்படம் போட்ட காலை ஸலாம்கள், மனை விற்பனை விளம்பரம், மருந்தில்லாமல் சர்க்கரை நோயைத் தீர்க்கும் கஷாயம், பிறை பற்றிய பழைய வாக்குவாதம் ஆகியவற்றுக்கு நடுவே நான்கு வரிகளில் அந்த ஜனாஸா அறிவிப்பு கிடந்தது.

சலிப்பூட்டும் செய்திகளிலிருந்து விலகிக்கொள்வது தவறன்று. வீணானவற்றைப் புறக்கணிப்பதை ஈமான் கொண்டோரின் பண்பாக அல்முஃமினூன் அத்தியாயத்தின் தொடக்கமே (23:3) எடுத்துரைக்கிறது. ஆனால் விலகும் முறையையும் குர்ஆன் கற்றுத் தருகிறது. வீணானவற்றைக் கண்ணியமாகக் கடந்து செல்வோரை 25:72 வசனம் புகழ்கிறது. ஸலாம் கூறி ஒதுங்குவோரைப் பற்றி 28:55 வசனம் பேசுகிறது. ஒதுங்க வேண்டியது வீண்பேச்சிலிருந்துதான், பேசும் மனிதரிடமிருந்து அன்று.

இந்தத் தொல்லை கைப்பேசியோடு பிறந்ததும் அன்று. மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் பணிபுரியும் ஷெய்க் அஹ்மத் என்பவர் கண்ட கனவு என்று ஒரு துண்டுப் பிரசுரம் சுற்றியதை நம் பெரியவர்கள் பலர் அறிவார்கள். இதைப் படியெடுத்துப் பரப்பினால் செல்வம் வரும், பரப்பாவிட்டால் கேடு வரும் என்பது அதன் சாரம். அது முழுப் பொய் என்று, சவூதி அரேபியாவின் முஃப்தியாக இருந்த ஷெய்க் அப்துல் அஜீஸ் பின் பாஸ் (ரஹ்) அவர்கள் விரிவாக மறுப்பு எழுதினார்கள். அன்று அதைப் பரப்பக் காகிதம் வேண்டும், மை வேண்டும், உட்கார்ந்து எழுதப் பொறுமை வேண்டும். இன்று ஒரு விரல் போதும். ரமளான் வருவதை முதலில் அறிவிப்பவருக்கு நரகம் ஹராமாகும் என்ற ஆதாரமற்ற செய்தி ஆண்டுதோறும் நம் கைப்பேசிக்கு வருவது அதனால்தான்.

சில செய்திகள் சலிப்பூட்டுவதோடு நிற்பதில்லை. 2018ஆம் ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து கோயிலுக்கு வந்திருந்த முதிய பெண்மணி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக அப்போது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்தது. ஊர்மக்கள் அவரை அடித்தே கொன்றார்கள். இத்தகைய கொலைகள் பல மாநிலங்களில் நடந்தபின், அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐவருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு விதித்தது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு அந்த வரம்பு 2020 ஏப்ரலில் ஒன்றாகக் குறைந்தது.

ஆனால் அந்த வரம்பு எண்ணிக்கையை மட்டுமே பார்க்கும். உண்மையையும் பொய்யையும் பிரித்தறியாது. அதற்கான சல்லடை நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஒரு ஹதீஸை ஏற்குமுன், இதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று ஒவ்வொரு கண்ணியாக ஆராய்ந்த சமுதாயம் இது. வரும் செய்தியைத் தீர விசாரியுங்கள் என்பது இறைக்கட்டளை (49:6). காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த மரபில் வந்த நாம், அனுப்பியவருக்கே மூலம் தெரியாத செய்தியை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது எப்படித் தகும்?

எல்லாவற்றையும் அடைத்துவிடுவதும் தீர்வாகாது. நாம் அருவிக்கரையில் வாழ்பவர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோனது. வெள்ள எச்சரிக்கையும், இரத்தம் தேவை என்ற வேண்டுகோளும், ஜனாஸா அறிவிப்பும் வரும் வழி திறந்தே இருக்க வேண்டும்.

எனவே ஜமாஅத்தார் ஒன்று செய்யலாம். பொறுப்பாளர்கள் மட்டுமே எழுதக்கூடிய அறிவிப்புக் குழு ஒன்றைத் தனியாக அமைத்து, மேற்சொன்னவற்றை மட்டும் அதில் இடலாம். அந்த வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. உரையாட விரும்புவோருக்கு மற்றொரு குழு இருக்கட்டும். ஆதாரமில்லாத ஹதீஸ் வந்தால், அனுப்பியவரைச் சபையில் வைத்துக் கடிந்துகொள்ளாமல், "மாமா, இது எந்தக் கிதாபில் இருக்கிறது?" என்று தனியே கேட்கலாம். அதற்கு முன், நம் விரல் அனுப்பும் செய்திக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

மறுநாள் அந்தப் பெரியவரின் வீட்டுக்குச் சென்றேன். அவருடைய மகன் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "வாப்பா தினமும் சுப்ஹுக்குப் பிறகு உங்களுக்கும் ஸலாம் அனுப்புவாங்க. குழுவிலும் போடுவாங்க. யாராவது பதில் போட்டிருக்காங்களான்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

நான் ஒலியை நிறுத்தியதற்கு அந்தப் பூப்பட ஸலாம்களும் ஒரு காரணம். அவை சலிப்பூட்டின என்பது உண்மைதான். ஆயினும் ஸலாமுக்குப் பதில் கூறுவது ஒரு முஸ்லிமுக்கு நான் செலுத்த வேண்டிய கடமை; அவருடைய ஜனாஸாவைப் பின்தொடர்வதும் அவ்வாறே. ஒரே மனிதருக்கு இரண்டிலும் தவறிவிட்டேன். மையவாடிக்குச் சென்று துஆச் செய்துவிட்டுத் திரும்பினேன்.

வீணானதை விட்டு விலகும் அறிவையும், மனிதர்களை விட்டு விலகாத மனத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.